கயாக்கில் இருந்து ட்ரோலிங் பழகுவது: சிம்கோ ஏரி, லேக் ட்ரௌட்

#1 புதுத்துடுப்பு

அண்ணாக்கள், அக்காக்கள், வணக்கம். கையில் இருப்பது 12 அடி சிட்-ஆன்-டாப் (மேலே உட்காரும்) கயாக். மோட்டாரும் இல்லை, பெடலும் இல்லை, துடுப்பு மட்டும்தான். 7 அடி ராட் (தூண்டில் கோல்), சாதாரண ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்ட் தங்கூசி (நைலான் நூல்). வசந்தத்தில் சீசன் திறந்ததும் கனடாவின் ஒன்ராறியோவில், பாரி நகரப் பக்கம் சிம்கோ ஏரியின் கெம்பன்ஃபெல்ட் குடாவில் லேக் ட்ரௌட் மீனுக்கு ட்ரோலிங் செய்து, அதாவது வள்ளம் ஓட ஓடத் தூண்டிலைப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். எந்த ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தூண்டில்) வாங்கலாம், எந்த நிறம், எவ்வளவு நூல் விட வேண்டும்? ராட் ஹோல்டர் இன்னும் பூட்டவில்லை.

#2 கச்சான்காற்று

தம்பி, ஸ்பூனும் நிறமும் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி வேகம், அடுத்தது ஆழம். இந்த ரெண்டும் கையில வந்திட்டால் கடையில தொங்கிற எந்த ஸ்பூனும் மீன் பிடிக்கும். வராட்டி ஐம்பது ஸ்பூன் வாங்கினாலும் பிரயோசனம் இல்லை.

வேகத்தில தொடங்குவம். லேக் ட்ரௌட்டுக்கு மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர். சாதாரணமாத் துடுப்பு வலிச்சால் கயாக் 4, 5ல போகும். அதால பழகிறவை எல்லாரும் செய்யிற முதல் பிழை வேகமாப் போறது. 2.4ஐ மனசில வையுங்கோ. அது நிமிசத்துக்குச் சரியா 40 மீற்றர். போனில ஜிபிஎஸ்ஸைத் திறந்து மார்பில கட்டிக்கொண்டு, தூண்டில் இல்லாமல் அரை மணித்தியாலம் அந்த வேகத்திலேயே வலிச்சுப் பழகுங்கோ. வலிப்பு நீளமாவும் மெதுவாவும் இருக்கவேணும். குட்டி குட்டியா அடிச்சால் முகப்பு இடமும் வலமும் ஆடும், வேகமும் நிக்காது.

ஜிபிஎஸ் காட்டுறது நிலத்துக்கு மேலான வேகம். மீன் உணர்றது தண்ணிக்குள்ள ஸ்பூன் ஓடுற வேகம். காத்தோட மேல்தண்ணி ஓடுற நாளில ரெண்டும் ஒண்டில்லை. அதுக்கு ஒரே வழி, ஸ்பூனை 2 மீற்றர் நூலில வள்ளத்துக்குப் பக்கத்தில விட்டுப் பார்க்கிறது. இடமும் வலமும் சோம்பலா ஆடவேணும். முழுசாச் சுத்தினால் வேகம் கூட. ஆடாமல் இழுபட்டால் குறைவு. திசை மாறேக்கை எல்லாம் இதை ஒருக்காப் பாருங்கோ.

#3 தூண்டில்காரி

கச்சான் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். துடுப்பு வலிக்கும்போது கயாக் ஒரே சீராகப் போகாது. ஒவ்வொரு வலிப்புக்கும் ஸ்பூன் கொஞ்சம் பாயும், அடுத்த வலிப்புக்கு முன் கொஞ்சம் தொய்யும். இது குறை என்று நினைக்க வேண்டாம். பின்னால் தொடர்ந்து வரும் ட்ரௌட் பெரும்பாலும் அந்தப் பாய்ச்சலிலோ தொய்விலோதான் கொத்தும். மோட்டார் படகுக்காரர் இதற்காகவே வேண்டுமென்று வளைந்து வளைந்து ஓட்டுவார்கள்.

ஆனால் தொய்வு நீண்டால் ஸ்பூன் அமிழ்ந்து தரையில் மாட்டும். தண்ணீர் குடிக்க, போன் பார்க்க, நூலை அவிழ்க்க என்று முதல் நாளில் பத்து தடவை நிற்பீர்கள். அதனால் பழகும் நாட்களுக்கு ஸ்பூன் வேண்டாம். மிதக்கும் மீன்வடிவ பிளக் வாங்குங்கள், 9 அல்லது 11 சென்டிமீட்டர். ராபாலாவின் ஒரிஜினல் ஃப்ளோட்டிங் போல ஒன்று. இழுத்தால் 1 முதல் 2 மீட்டர் வரை இறங்கும், நிறுத்தினால் மேலே வந்துவிடும். எத்தனை தடவை நின்றாலும் தரையில் மாட்டாது. வசந்தத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது ட்ரௌட் 3 முதல் 6 மீட்டர் நீரில்கூட கரையோரம் சுற்றும் என்பதால் அந்தச் சமயத்தில் இது வெறும் பயிற்சித் தூண்டிலும் இல்லை, மீனுக்கான தூண்டில்தான்.

மூன்று முள் கொண்ட கொளுவிகளைக் கழற்றி ஒற்றை முள் போட்டுவிடுங்கள். மீன் மடியில் துள்ளும்போது மற்ற முட்கள் உங்கள் தொடையில் ஏறும். கரை 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அதை நீங்கள் தாங்க வேண்டியிருக்கும்.

#4 புதுத்துடுப்பு

நன்றி அக்கா, அண்ணா. நூல் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்? என் ரீலில் கவுண்டர் (நூல் நீளம் காட்டும் எண்ணி) இல்லை.

#5 கச்சான்காற்று

மூண்டு வழி இருக்கு.

நேரத்தை வைச்சுப் பார்க்கிறது லேசு. 2.4 வேகத்தில போய்க்கொண்டு பெயிலை (ரீலில நூலைத் தடுக்கிற வளைஞ்ச கம்பியை) திறந்து விட்டால் நிமிசத்துக்கு ஏறத்தாழ 40 மீற்றர் போகும். விரலால நூலை லேசாத் தொட்டுக்கொண்டே விடவேணும், இல்லாட்டிச் சுருண்டு சிக்குப்படும்.

நிச்சயமான வழி, வீட்டிலேயே நூலை அளந்து ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அழியாத மார்க்கரால அடையாளம் போடுறது. 10ல ஒரு கோடு, 20ல ரெண்டு, 30ல மூண்டு. கறுப்பு மை வெள்ளைத் தங்கூசியில வடிவாத் தெரியும். சில நாளில மங்கும், திரும்பப் போடவேணும்.

மூண்டாவது, காசு செலவழிச்சு லைன் கவுண்டர் ரீல் வாங்கிறது. ட்ரோலிங் பிடிச்சுப்போச்சு எண்டால் அடுத்த வருசம் வாங்குங்கோ. இப்ப தேவையில்லை.

தெளிஞ்ச தண்ணியில 30 மீற்றருக்குக் குறைய விடாதேங்கோ. சீப்ரா மட்டி வந்தபிறகு சிம்கோ தண்ணி நல்லாத் தெளிஞ்சிட்டுது, கயாக்கின்ர நிழலுக்கே மீன் விலகும். 60க்கு மேல போனால் வளைவில நூல் கட்டுப்பாட்டில நிக்காது. 40இல தொடங்குங்கோ.

#6 மட்டித்தரை

ஆழம் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த உரையாடல் முழுவதிலும் இதுதான் கடினமான பகுதி என்பது என் கருத்து.

மேல்தண்ணீர் சூடாகத் தொடங்கியதும் லேக் ட்ரௌட் கீழே போய்விடும். 10 பாகை செல்சியஸுக்கு அருகில் உள்ள நீரைத்தான் அது தேடும். அப்போது மிதக்கும் பிளக் பயன்படாது, ஈயம் வேண்டும். கயாக்கில் டவுன்ரிகர் (கனமான குண்டால் நூலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துடுப்பு மட்டும் உள்ள 12 அடி கயாக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கனமான குண்டு தரையில் மாட்டிக்கொண்டால் வள்ளமே ஒரு பக்கம் சரியும். தூண்டிலைக் கீழே இழுத்துப் போகும் பெரிய டைவிங் தட்டுகளும் வேண்டாம், துடுப்பு வலிப்பவருக்கு அந்த இழுவை அதிகம்.

உங்களுக்கு ஏற்றது நூலுக்கு இடையிலேயே கட்டும் கீல் ஈயம், 30 கிராமும் 60 கிராமும். கட்டும் வரிசை: ரீல் நூல், அதன் முனையில் கீல் ஈயம், ஈயத்தின் மறுமுனையில் பால்-பேரிங் ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அதிலிருந்து 10 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் லீடர் (முன்நூல்), முனையில் ஸ்னாப் கிளிப்பும் அதில் ஸ்பூனும். ஸ்விவல் மலிவானதாக இருந்தால் ஸ்பூன் சுற்றும் சுற்றெல்லாம் நூலில் ஏறி, ஒரே நாளில் ரீல் முழுக்க முறுக்கு விழும்.

லீடர் நீளத்தில் கவனம். படகுக்காரர்கள் 3 மீட்டர் போடச் சொல்வார்கள். உங்கள் ராட் 7 அடி, அதாவது 2.1 மீட்டர். ஈயம் ராட் நுனி வளையத்தைத் தாண்டி உள்ளே வராது. லீடர் ராட்டைவிட நீளமாக இருந்தால் ஈயம் நுனியில் முட்டி நிற்கும்போது மீன் இன்னும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும், உட்கார்ந்த இடத்திலிருந்து வலை போட முடியாது. 1.5 மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

இவ்வளவு நூல் விட்டால் இவ்வளவு ஆழம் என்று அட்டவணைகள் கிடைக்கும். உங்கள் நூலின் தடிமன், ஸ்பூன், வேகம் மூன்றும் மாறினால் அவை பொருந்தாது. உங்கள் அட்டவணையை நீங்களே தயாரியுங்கள்:

சோனாரில் (ஆழம் காட்டும் கருவியில்) 8 மீட்டர் காட்டும் சமதரை ஒன்றைத் தேடுங்கள், மணல் தரையாக இருந்தால் நல்லது. 2.4 வேகத்தில் 30 கிராம் ஈயத்தோடு 20 மீட்டர் விடுங்கள். ராட் நுனியைப் பாருங்கள். தரை தொடவில்லை என்றால் இன்னும் 5 மீட்டர். ஈயம் தரையைத் தட்டும்போது நுனி டக், டக் என்று விட்டுவிட்டு அசையும். அந்த நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் 30 கிராமுக்கு 8 மீட்டர். பிறகு 12 மீட்டர் தரையில் அதையே செய்யுங்கள், 60 கிராமிலும் செய்யுங்கள். ஒரு காலை வேளை போகும். அந்தத் தாளை லேமினேட் செய்து கதிரைக்கு முன்னால் ஒட்டினால் அந்தக் கயாக் இருக்கும் வரை உதவும்.

மட்டி படிந்த பாறைத் தரையில் இந்தப் பரிசோதனை வேண்டாம். மட்டியின் விளிம்பு தங்கூசியை அறுத்துவிடும்.

#7 வடகரை

ஈயத்துக்குப் பதில் லெட்-கோர் நூல் (நடுவில் ஈயக் கம்பி ஓடும் நூல்) போடலாமே. ஒவ்வொரு 10 யார் (சுமார் 9 மீட்டர்) நீளத்துக்கும் நிறம் மாறும், கவுண்டரே வேண்டாம். மணிக்கு 3 கிலோமீட்டரில் ஒரு நிறத்துக்குச் சுமார் 1.5 மீட்டர் இறங்கும். ஐந்து நிறம் விட்டால் 7, 8 மீட்டர் ஆழத்தில் இருப்பீர்கள்.

#8 மட்டித்தரை

நல்ல நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பின்னிங் ரீலில் போட முடியாது, பெரிய லெவல்-வைண்ட் ரீல் (நூலைச் சமமாகப் பரப்பிச் சுற்றும் ரீல்) தனியாக வேண்டும். இன்னொன்று, லெட்-கோர் தன் எடையிலேயே அமிழும். கயாக் நின்றால் 45 மீட்டர் நூலும் தரையில் படுத்துவிடும். புதிதாகப் பழகுபவர் அடிக்கடி நிற்பார். பெடல் கயாக் வைத்திருக்கிறவர்களுக்கு நான் லெட்-கோரைத்தான் சொல்வேன், துடுப்புக்கு ஈயம்.

#9 தூண்டில்காரி

ராட் ஹோல்டரை மறந்துவிடாதீர்கள். கடையில் வாங்கும் பல கயாக்குகளில் கதிரைக்குப் பின்னால் இரண்டு குழாய் இருக்கும். அவை ராட்டை ஏற்றிக்கொண்டு போவதற்கு. அதில் வைத்து இழுத்தால் கொத்து தெரியாது, தெரிந்தாலும் உடம்பைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும், கயாக் கவிழ்வது பெரும்பாலும் அப்படித் திரும்பும்போதுதான்.

முழங்காலுக்கு முன்னால், துடுப்பு வீச்சில் இடிக்காத இடத்தில் பூட்டுங்கள். ஓட்டை போடுவதற்கு முன் கதிரையில் உட்கார்ந்து துடுப்பை வீசிப் பாருங்கள். ராட் பக்கவாட்டில் வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு 30 பாகை உயர்ந்து நிற்க வேண்டும். நுனி எப்போதும் கண்ணில் படும். அந்த நுனியின் துடிப்புதான் உங்கள் ஸ்பூன் வேலை செய்கிறதா என்பதற்குச் சாட்சி. துடிப்பு நின்றால் ஸ்பூனில் பாசி மாட்டியிருக்கிறது, உடனே சுற்றிப் பாருங்கள். பாசி தொங்கும் ஸ்பூனை ஒரு மணி நேரம் இழுப்பதுதான் பழகுபவர்கள் அதிகம் வீணாக்கும் நேரம்.

ராட்டுக்கு ஒரு கயிறு, துடுப்புக்கு ஒரு கயிறு, குறட்டுக்கு ஒரு கயிறு. வள்ளத்தில் கட்டாத பொருள் என்றாவது ஒருநாள் தண்ணீருக்குள் போகும்.

#10 புதுத்துடுப்பு

ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) எவ்வளவு இறுக்கி வைப்பது? கொத்தினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ராட்டை எடுப்பதா, துடுப்பை வைப்பதா?

#11 கச்சான்காற்று

10 பவுண்ட் நூல் 4.5 கிலோ தாங்கும். டிராக் அதில கால் பங்கு, 1.1 கிலோ. கையால இழுத்துப் பார்த்து மதிப்பிடாதேங்கோ, பயணப்பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசை நூலில கட்டி இழுத்துப் பாருங்கோ.

கொத்தினால் துடுப்பை உடனே வைக்காதேங்கோ. இன்னும் மூண்டு, நாலு வலிப்பு வலியுங்கோ. முள் ஏத்துறது அந்த வலிப்புத்தான். உடனே நிப்பாட்டினால் நூல் தொய்ஞ்சு மீன் துப்பிப்போடும். பிறகு துடுப்பை மடியில குறுக்கால வைச்சு ராட்டை எடுங்கோ. ராட்டை வெட்டி இழுக்கத் தேவையில்லை.

பெரிய மீன் கயாக்கையே இழுக்கும், இழுக்க விடுங்கோ. அதுவும் ஒரு டிராக்தான். ஆனால் மீன் நிக்கிற பக்கம் முகப்பு திரும்பியிருக்கவேணும். பக்கவாட்டில இழுபட விடக்கூடாது.

#12 வடகரை

அதனால்தான் தங்கூசியைவிட பின்னல் நூல் வேண்டும் என்கிறேன். 40 மீட்டரில் தங்கூசி இழுபட்டு நீளும், முள் ஆழமாக ஏறாது.

#13 தூண்டில்காரி

ஜிக் அடிக்கும்போது (தூண்டிலை மேலும் கீழும் ஆட்டிப் பிடிக்கும்போது) பின்னல் நூல் சரி. ட்ரோலிங்கில் ஓடும் வள்ளமே முள்ளை ஏற்றிவிடும், அங்கே நூல் கொஞ்சம் நீள்வதுதான் நல்லது. ட்ரௌட்டின் வாய் மென்மையானது. நீளாத நூலில், விறைப்பான ராட்டில், வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து தலையை உதறும்போது கிழிந்து போகும். பின்னல் நூல்தான் போடுவேன் என்றால் அதற்கு முன்னால் 10 மீட்டர் தங்கூசியாவது சேருங்கள், டிராக்கை இன்னும் தளர்த்துங்கள்.

வலைக்கு வருகிறேன். கைப்பிடி குட்டை, ரப்பர் கண்ணி. நைலான் கண்ணி மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், முள்ளும் அதில் சிக்கும். மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்த பிறகு ராட்டை எதிர்ப்பக்கம் தலைக்கு மேல் உயர்த்தி, வலையை முன்பே தண்ணீரில் வைத்து, மீனின் தலையை அதற்குள் கொண்டுவாருங்கள். வலையோடு மீனைத் துரத்தக் கூடாது. உங்கள் தலை கயாக் விளிம்பைத் தாண்டிப் போகவே கூடாது. தலை தாண்டினால் இடுப்பும் பின்னாலேயே போகும்.

#14 மட்டித்தரை

தரையில் மாட்டினால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீனைவிட இது அதிகம் நடக்கும்.

முதலில் பெயிலைத் திறந்து நூலை விடுங்கள். காற்று கயாக்கைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது இறுகிய நூல் வள்ளத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். முகப்பைத் திருப்பி, நூலைச் சுற்றிக்கொண்டே மாட்டிய இடத்துக்கு மேலே போய், அதைத் தாண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து இழுங்கள். பெரும்பாலும் வந்த வழியே கழன்றுவிடும். கழலாவிட்டால் அறுத்துவிடுங்கள். கத்தி உயிர்காப்பு அங்கியின் மார்பில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் இருந்தால் உதவாது. காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் ஸ்பூனை மீட்கும் முயற்சியே வேண்டாம்.

திருப்பங்களும் மாட்ட வைக்கும். வளையும்போது உள்பக்கத்து ஸ்பூன் வேகம் குறைந்து அமிழும், வெளிப்பக்கத்தது வேகம் கூடி மேலே வரும். ஒன்ராறியோவின் உள்நாட்டு ஏரியில் திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் என்பதால் எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று பார்த்தே செய்யலாம். ராட் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் திரும்புங்கள், 20 மீட்டருக்குக் குறையாத அகல வளைவாக. வெளிப்பக்கத்தில் இருக்கும்போது கொத்தினால் மீன் இன்னும் வேகம் கேட்கிறது என்று பொருள். உள்பக்கத்தில் கொத்தினால் மெதுவாக்குங்கள் அல்லது ஆழமாக்குங்கள்.

#15 கச்சான்காற்று

காத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகவேணும். சிம்கோ 722 சதுர கிலோமீற்றர். கெம்பன்ஃபெல்ட் குடாவின்ர மேற்கு முனையில பாரி, கிழக்கில வாய் ஏரிக்குத் திறந்து கிடக்குது. பாரியில இறங்கேக்கை கச்சான் (மேற்குக் காத்து) வீசினால் கரையோரம் கண்ணாடி மாதிரித் தண்ணி இருக்கும். அது உங்களை ஏமாத்தும். இழுத்துக்கொண்டு கிழக்க போகப் போக அலை வளரும், திரும்பி வாற முழு வழியும் எதிர்க்காத்து. எந்த நாளும் முதல்ல காத்துக்கு எதிராப் போங்கோ, திரும்பேக்கை காத்து உங்களைக் கொண்டுவரட்டும்.

வசந்தத்தில வெயில் 20 பாகை இருக்கும், தண்ணி 10க்குக் கீழ இருக்கும். உடுப்புத் தண்ணிக்குத்தான், வெயிலுக்கு இல்லை. மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக் குடுக்கிற 1-10-1 கணக்கை நினைவில வையுங்கோ. மூச்சை அடக்க 1 நிமிசம். கை, கால் சொல்லுக் கேட்கிறது 10 நிமிசம். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். அந்த 10 நிமிசத்துக்குள்ள நீங்கள் கயாக்கில ஏறியிருக்கவேணும். அதுக்கு ட்ரை-சூட் அல்லது வெட்-சூட் வேணும், ஏறிப் பழகியிருக்கவும் வேணும். கோடையில இடுப்பளவு தண்ணியில கவிட்டுக் கவிட்டுப் பத்துத் தரமாவது ஏறிப் பழகுங்கோ. பழகும் வரைக்கும் வசந்த ட்ரௌட்டை விடுங்கோ தம்பி, அடுத்த வருசமும் அது அங்கதான் நிக்கும்.

உயிர்காப்பு அங்கி பூட்டி, விசில் அதிலேயே தொங்கவேணும். மிதக்கிற கயிறு 15 மீற்றர் கட்டாயம். செம்மஞ்சள் கொடி ஒண்டு உயரமாக் கட்டுங்கோ, வேகப் படகுக்காரருக்கு கயாக் கண்ணில படாது.

#16 புதுத்துடுப்பு

புரிகிறது அண்ணா. அப்படியானால் இந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட்டில் பழகுகிறேன். அப்போது ட்ரௌட்டைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடலாமா?

#17 மட்டித்தரை

கோடையில் பிடித்துத் திரும்ப விடுவதற்காக லேக் ட்ரௌட்டை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பை ஊதிவிடும் என்பது அதற்குக் காரணம் இல்லை. லேக் ட்ரௌட்டுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு வழி உண்டு, மேலே வரும்போது குமிழ் குமிழாக வெளியே விட்டுவிடும். பெர்ச்சுக்கும் பாஸுக்கும் அந்த வழி இல்லை. ட்ரௌட்டைக் கொல்வது சூடு. 10 பாகையில் இருந்த மீனை, போராடிக் களைத்த நிலையில், 22 பாகை மேல்தண்ணீரில் பிடித்து வைத்து முள் கழற்றுகிறோம். நீந்திப் போனது போலத் தெரியும், கீழே போய்ச் செத்துவிடும்.

இந்த ஏரியில் அந்த மீனுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. வயலும் ஊரும் அனுப்பிய பாஸ்பரஸால் பாசி பெருகி, அது அழுகிக் கீழே போய் ஆழ்நீரின் ஆக்சிஜனைத் தின்றது. ட்ரௌட் இயற்கையாகக் குஞ்சு பொரிப்பது நின்றுபோய், பல பத்தாண்டுகள் பண்ணைக் குஞ்சுகளால்தான் இனம் தங்கியது. 2008இல் சிம்கோ ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2009இல் திட்டம். ஆழ்நீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜன் என்பது அதன் இலக்கு. இப்போது இயற்கைக் குஞ்சுகள் மீண்டும் தென்படுகின்றன. கோடைக் கடைசியில் மேலே சூடு, அடியில் ஆக்சிஜன் குறைவு என்று இந்த மீன் நடுவில் ஒரு குறுகிய நீரடுக்கில் நெருக்கப்பட்டு நிற்கும். அங்கேயும் அதைக் களைப்படையச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பிட வேண்டுமானால் அனுமதித்த எண்ணிக்கை வந்ததும் நிறுத்துங்கள்.

பழகுவதற்கு ஸ்மால்மவுத் பாஸ், பைக் என்ற மீன்கள் இருக்கின்றன. பாசித் திட்டின் வெளிவிளிம்பில், 3 முதல் 4 மீட்டர் நீரில், அதே மிதக்கும் பிளக்கை இழுங்கள். பைக்குக்கு வேகத்தை 4 வரை கூட்டலாம், ஆனால் 20 சென்டிமீட்டர் கம்பி லீடர் கட்டாயம், அதன் பல் தங்கூசியை அறுக்கும். வேகம், நூல் நீளம், திருப்பம், வலை எல்லாம் ஒன்றுதான்.

காலம், எண்ணிக்கை எல்லாம் ஒன்ராறியோ மீன்பிடி ஒழுங்குவிதிகளில் மீன்பிடி மண்டலம் 16இன் கீழ் பாருங்கள், சிம்கோவுக்குத் தனி விதிவிலக்குகள் உண்டு.

#18 தூண்டில்காரி

திரும்பி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம்: வள்ளத்தை ரோட்டில் ஏற்றிப் போகும் முன் பாசி, மட்டி எல்லாம் நீக்கி, தண்ணீரை வடித்திருக்க வேண்டும். சிட்-ஆன்-டாப்பில் தண்ணீர் உடம்புக்குள்ளேயும் கொஞ்சம் ஊறியிருக்கும். பின்முனையில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி, முகப்பைத் தூக்கிப் பிடியுங்கள். கதிரைக்கு அடியிலும் ஹோல்டர் பூட்டிய பள்ளங்களிலும் கை விட்டுப் பாருங்கள், பாசி அங்கேதான் ஒளிந்திருக்கும். ராட் ஹோல்டர் ஆணிகள் வழியாக உள்ளே தண்ணீர் வந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரு டம்ளருக்கு மேல் வடிந்தால் ஆணிகளைக் கழற்றி மெரைன் சீலன்ட் வைத்து மறுபடி பூட்டாமல் அடுத்த தடவை இறக்க வேண்டாம்.